ஏலக்காய் யூனிட்டுக்கு நாலு மாணவர்கள் வரப்போகிறார்கள், என்ன வேலை கொடுப்பது?

போடி ஏலம் எழுதியது:

வணக்கம் மக்களே. போடிநாயக்கனூரில் ஏலக்காய் கிளீனிங், கிரேடிங் செய்யும் சின்ன யூனிட் நடத்துகிறேன், அப்பா காலத்தில் ஆரம்பித்தது. காய் பொறுக்கப் பதினாலு பெண்கள், மிஷினில் இரண்டு பையன்கள், ஒரு கணக்கர், அப்புறம் நான். கேரளப் பக்கம் புத்தடியில் நடக்கும் ஏலத்திலும் இங்கே போடி ஏலத்திலும் காய் எடுத்து, காம்பு நீக்கி, சல்லடையில் அளவு பிரித்து வடக்கே அனுப்புகிறோம்.

போன மே மாதம் ஒரு கல்லூரியிலிருந்து உணவுத் தொழில்நுட்பம் படிக்கும் மூன்று பேர் முப்பது நாள் இன்டர்ன்ஷிப்புக்கு வந்தார்கள். இரண்டு பெண்கள், ஒரு பையன். முதல் இரண்டு நாள் நானே கூட இருந்து எல்லாம் காட்டினேன். மூன்றாம் நாள் லோடு வந்துவிட்டது, அதோடு அவர்களை மறந்துவிட்டேன் என்பதுதான் உண்மை. பொறுக்குகிற அக்காக்களோடு உட்கார்ந்திருந்தார்கள், கணக்கர் மூட்டைக்கு டேக் எழுதச் சொன்னார், எழுதினார்கள். கடைசி நாள் சர்டிபிகேட் வாங்க வந்தபோது அதில் ஒரு பெண் கேட்டாள்: "அண்ணே, சாக்குக்குள்ளே ஏன் கறுப்பு பாலிதீன் போட்டு வைக்கிறீங்க, வெள்ளை கவர் போட்டா ஆகாதா?" வெளிச்சம் பட்டால் காயின் பச்சை வெளுத்துவிடும், பச்சைக்குத்தான் விலை, அதனால் கறுப்பு. ஒரு நிமிடப் பதில். முப்பது நாளாக அந்தச் சாக்குகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்த பிள்ளைக்கு யாரும் அதைச் சொல்லவில்லை.

இன்னொன்றும் உறுத்துகிறது. எங்களிடம் சாயங்காலம் வாசலில் எல்லார் பையையும் திறந்து பார்த்துத்தான் அனுப்புவோம். கிலோ இரண்டாயிரத்தைத் தாண்டி விற்கும் பொருள், எடையும் எப்போதும் குறைந்துகொண்டே இருக்கிறது, வழக்கமாகிவிட்டது. மாணவர்கள் பையையும் அப்படியே பார்த்தோம். முதல் நாள் அந்தப் பெண்களின் முகம் மாறியது எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

இந்த வருஷம் அதே கல்லூரி நாலு பேரை அனுப்பட்டுமா என்று கேட்கிறது. ஒருவர் குமுளிக்காரப் பிள்ளை, மலையாளம் எழுதப் படிக்கத் தெரியுமாம். ஒருவர் மதுரையிலிருந்து தினமும் வருவாராம். எடுக்கலாமா, எடுத்தால் என்ன வேலை கொடுப்பது, காசு கொடுக்க வேண்டுமா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

கும்மிடிப்பூண்டி லேத் எழுதியது:

முதலில் நாலு பேர் வேண்டாம், இரண்டு பேர் போதும். பதினேழு பேர் இருக்கும் இடத்தில் நாலு பேரை யார் பார்த்துக்கொள்வது? நாலு பேர் வந்தால் அவர்கள் தங்களுக்குள்ளேயே பேசிக்கொண்டு தனிக் கூட்டமாகிவிடுவார்கள். இரண்டு பேர் என்றால் உங்கள் ஆட்களோடு பேசியே ஆக வேண்டும்.

நான் சிப்காட்டில் சின்ன மிஷின் ஷாப் வைத்திருக்கிறேன். ஆறு வருஷமாக டிப்ளமோ, பி.இ. பிள்ளைகளை எடுக்கிறேன். பாதிப் பேர் தடா, சூலூர்பேட்டையிலிருந்து ரயிலில் வரும் தெலுங்குப் பிள்ளைகள். முதல் இரண்டு வருஷம் நானும் உங்களைப் போலத்தான், "சும்மா சுற்றிப் பாருங்கள்" என்று விட்டேன். சுற்றிப் பார்க்க மூன்று மணி நேரம் போதும், மீதி இருபத்தொன்பது நாள் என்ன செய்வார்கள்?

மூன்றாம் வருஷம் ஒரு பெண்ணிடம் ஒரே ஒரு கேள்வியைக் கொடுத்தேன். புஷ் என்கிற குழாய் மாதிரியான ஒரு பாகத்தில், உள்விட்டம் சரியில்லை என்று தினமும் பத்துப் பதினைந்து பீஸ் ரிஜெக்ட் ஆகிக்கொண்டிருந்தது. நாங்கள் டூல் தேய்மானம் என்று டூலை மாற்றிக்கொண்டே இருந்தோம். அவள் பத்து பீஸுக்கு ஒன்று என்று எடுத்து அளந்து, மணியோடு நோட்டில் எழுதினாள். இரண்டு வாரத்தில் தெரிந்துவிட்டது, ரிஜெக்ட் எல்லாம் காலை முதல் அரை மணியிலும் சாப்பாட்டுக்கு அப்புறம் அரை மணியிலும்தான் வருகிறது. சாப்பாட்டு நேரத்தில் கரண்டு மிச்சம் என்று மிஷினை அணைத்துவிடுவோம். ஸ்பிண்டில், அதாவது மிஷினில் சுழலும் தண்டு, ஆறிப்போய், மறுபடி சூடேறும்வரை அளவு நகர்ந்துகொண்டே இருக்கும். இதை எந்தப் பாடப்புத்தகத்திலும் படிக்கலாம், ஆனால் எங்கள் ஷாப்பில் உட்கார்ந்து எழுதிப் பார்க்க ஆள் இல்லை.

அதனால் உங்களுக்கே பதில் தெரியாத, பதில் தெரிந்தால் உங்களுக்கு உபயோகப்படுகிற ஒரு கேள்வியைக் கொடுங்கள். அப்படிக் கொடுத்தால் அவர்களை மறக்க மாட்டீர்கள், ஏனென்றால் பதில் உங்களுக்கு வேண்டும்.

வாளையார் பெண் எழுதியது:

நான் மாணவியாகப் போனவள், அந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன். பி.காம் இரண்டாம் வருஷம் முடிந்ததும் கேரளப் பக்கம் கஞ்சிக்கோட்டில் ஒரு கம்பெனியில் முப்பது நாள். பெயர் வேண்டாம். இருபத்தெட்டு நாள் இ-வே பில், அதாவது சரக்கு லாரியோடு போக வேண்டிய ஜிஎஸ்டி சீட்டு, அடித்தேன். கோயம்புத்தூருக்குப் போகும் லோடு, அங்கிருந்து வரும் லோடு, ஐம்பதாயிரத்துக்கு மேல் என்றால் பில் போட வேண்டும், அவ்வளவுதான் சொன்னார்கள். எதற்குப் போடுகிறோம், தப்பாகப் போட்டால் லாரி எங்கே நிற்கும், வரி எந்த மாநிலத்துக்குப் போகிறது, ஒன்றும் சொல்லவில்லை. அங்கே வேலை பார்த்த பில்லிங் அண்ணா லீவில் இருந்தார், அவர் இடத்தில் சம்பளம் இல்லாமல் நான் உட்கார்ந்தேன் என்று பிறகுதான் புரிந்தது.

சில நாள் ஏழரை மணி ஆகும். ஹைவேயில் பஸ்ஸுக்கு நிற்பேன், அம்மா போன் மேல் போன் செய்வாள். நீ எப்படிப் போவாய் என்று யாரும் கேட்டதில்லை. மதியம் எல்லாரும் கேன்டீன் போவார்கள், எனக்கு டோக்கன் கிடையாது, டெஸ்க்கிலேயே டிபன் பாக்ஸைத் திறப்பேன். கடைசியில் "மிகச் சிறப்பாகப் பணியாற்றினார்" என்று சர்டிபிகேட். புராஜெக்ட் ரிப்போர்ட்டை நெட்டிலிருந்து எடுத்து எழுதிக் கொடுத்தேன், எழுதுகிற அளவுக்கு எதையும் அங்கே பார்க்கவில்லை.

அண்ணா, உங்களிடம் வருகிறவர்களுக்கு முதல் நாளே சொல்லிவிடுங்கள்: எத்தனை மணிக்கு வர வேண்டும், எத்தனை மணிக்குக் கட்டாயம் கிளம்பலாம், பாத்ரூம் எங்கே, சாப்பாடு யாரோடு. ஒரு வாரம் யாரையும் கேட்கத் தைரியம் வராத விஷயங்கள் இவைதான். அந்தப் பை விஷயம், படிக்கும்போது எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. மாணவர்களை விடுங்கள், பதினாலு அக்காக்களுக்கும் தினமும் அப்படித்தானே இருக்கும்?

குமுளி கணக்கு எழுதியது:

நான் மாற்றிச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். இருபது வருஷமாக எஸ்டேட் கணக்கு பார்க்கிறேன். எடுக்க வேண்டாம் என்பதே என் அபிப்பிராயம்.

இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு பையன் எங்கள் காய் ஸ்டோருக்கு, அதாவது பச்சைக்காயை அடுப்புச் சூட்டில் உலர்த்தும் இடத்துக்கு, வந்தான். நல்ல பையன்தான். ஒருநாள் ஏலத்துக்குப் போகும் லாட் (ஒரு தொகுப்புக் காய்) விவரத்தை, யாருக்கு எவ்வளவு, என்ன எதிர்பார்ப்பு என்று எழுதிய சீட்டோடு போட்டோ எடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டுவிட்டான். அவனுக்கு அது பெருமை, இங்கே பயிற்சி எடுக்கிறேன் என்று. மறுநாள் காலை இரண்டு வியாபாரிகள் முதலாளிக்குப் போன் செய்தார்கள். எங்களுக்கு எவ்வளவு நஷ்டம் என்று சொல்ல முடியாது, ஆனால் முதலாளி அதற்கப்புறம் மாணவர் என்ற பேச்சையே எடுக்க விடுவதில்லை.

இன்னொன்று, மே மாதம் என்ன இருக்கிறது? ஆகஸ்டுக்கு மேல் பிப்ரவரி வரைதான் பறிப்பு நன்றாக ஓடும். மே மாதம் காய் ஸ்டோரில் அடுப்பு எரியாது, பச்சைக்காய் கிடையாது. ஏலக்காய் படிக்க வருகிறவன் ஏலக்காய் உலர்வதையே பார்க்காமல் போகிறான் என்றால் அது என்ன படிப்பு?

கும்மிடிப்பூண்டி லேத் எழுதியது:

குமுளி அண்ணே, அந்தப் பையனிடம் போட்டோ எடுக்கக் கூடாது என்று முன்னாலேயே யாராவது சொன்னார்களா? நமக்குத் தொழில் ரகசியம் என்று தெரியும், பத்தொன்பது வயசுக்குத் தெரியாது. நாங்கள் முதல் நாள் ஒரு பக்கம் எழுதிக் கையெழுத்து வாங்குகிறோம். டிராயிங்கை போட்டோ எடுக்கக் கூடாது, எடுக்க வேண்டுமென்றால் கேள், துப்பட்டாவும் தொளதொளச் சட்டையும் டிரில்லிங் மிஷின் பக்கம் வரக் கூடாது, ஆபரேட்டர் இல்லாமல் சுவிட்சைத் தொடக் கூடாது. தமிழிலும் தெலுங்கிலும் எழுதி, சத்தமாகப் படித்துக் காட்டிவிட்டு வாங்குகிறோம். சும்மா நீட்டிக் கையெழுத்து வாங்கினால் பிரயோஜனம் இல்லை.

மே மாத விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. அதற்கு வாத்தியார்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

உத்தமபாளையம் வாத்தியார் எழுதியது:

சொல்கிறேன். நான் இன்டர்ன்ஷிப் பொறுப்பும் பார்க்கிறேன். செமஸ்டர் முடிந்து மே மாதம் பிள்ளைகள் சும்மா இருப்பார்கள், அதனால் மே. தொழிலுக்கு எது சீசன் என்று நாங்கள் கேட்பதே இல்லை, அது எங்கள் தப்பு. ஒரு ஆசிரியருக்கு முப்பது நாற்பது பிள்ளைகள், எல்லாருக்கும் இடம் பிடிப்பதே பெரிய பாடு. கடிதம் கொடுத்து அனுப்பிவிட்டு, கடைசியில் லாக் புக் (தினசரி வேலைக் குறிப்பேடு) வந்தால் போதும் என்று இருந்துவிடுகிறோம். இடம் கிடைக்காத பிள்ளைகள் காசு கொடுத்துச் சர்டிபிகேட் வாங்குகிறார்கள் என்பதும் எங்களுக்குத் தெரியும். தெரிந்தும் மார்க் போடுகிறோம்.

வேளாண் படிப்பில் இதை வேறு மாதிரி செய்கிறார்கள். பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரிப் பிள்ளைகள் கடைசி வருஷம் கிராமத்திலேயே தங்கி விவசாயிகளோடு வேலை செய்து பார்க்கிறார்கள். பயிர் எப்போது நிலத்தில் நிற்கிறதோ அப்போது பிள்ளையும் அங்கே இருக்க வேண்டும் என்பதில் அவர்களுக்குச் சந்தேகம் இல்லை.

போடி ஏலம், உங்களிடம் ஒரு வேண்டுகோள். கல்லூரிக்குப் போன் செய்து "நாலு பேரை ஒரே நேரத்தில் அனுப்பாதீர்கள், இப்போது இரண்டு, டிசம்பர் விடுமுறையில் இரண்டு" என்று சொல்லுங்கள். சொன்னால் செய்வோம், யாரும் சொல்வதில்லை. ஆசிரியர் ஒருவர் இரண்டு முறையாவது நேரில் வந்து பார்க்க வேண்டும் என்று கட்டாயப்படுத்துங்கள். லாக் புக்கில் அன்றன்றைக்குக் கையெழுத்துப் போடுங்கள், கடைசி நாள் முப்பதும் சேர்த்துப் போடாதீர்கள். அப்புறம் கல்லூரிக்கு லேப் இருக்கிறது, உங்கள் சாம்பிளை அங்கே சோதிக்கலாமா என்று கேளுங்கள். பிள்ளைகள் மூலமாகத்தான் அந்தக் கதவு திறக்கும்.

தடா எச்ஆர் எழுதியது:

காசு, சட்டம் பற்றி மட்டும் சொல்கிறேன், தடா பக்கத்துத் தொழிற்பேட்டை ஸ்ரீசிட்டியில் இதுதான் என் வேலை.

கல்லூரியில் படித்துக்கொண்டே பாடத்தின் பகுதியாக ஒரு மாதம் வருகிறவரும் அப்ரண்டிஸும் ஒன்றல்ல, நிறையப் பேர் குழப்பிக்கொள்கிறார்கள். அப்ரண்டிஸ் என்பது 1961 சட்டப்படி ஒப்பந்தம் பதிவு செய்து எடுப்பது. முப்பது பேரோ அதற்கு மேலோ உள்ள இடங்களுக்கு அது கட்டாயம், உங்களைப் போன்ற சின்ன இடங்களுக்கு விருப்பம். 2019ல் திருத்திய விதியில் மாதம் டிப்ளமோவுக்குக் குறைந்தது 8000, பட்டதாரிக்கு 9000 என்று வைத்தார்கள், அதில் ஒரு பங்கை அரசு திருப்பித் தரும். வருகிற பிள்ளைகளில் ஒருவர் நன்றாகச் செய்தால், படிப்பு முடிந்ததும் இந்த வழியில் ஒரு வருஷம் எடுக்கலாம்.

ஒரு மாத மாணவருக்கு இந்தத் தொகை கட்டாயம் இல்லை. ஆனால் பஸ் காசும் மதியச் சாப்பாடும் கொடுங்கள், அது கொடுக்க முடியாத நிலை என்றால் எடுக்காதீர்கள். வாளையார் தங்கை சொன்னது போல ஆள் இல்லாத நாற்காலியில் மாணவரை உட்கார வைத்தால் அது பயிற்சி இல்லை, வேலை. வேலை என்றால் கூலி. பொறுக்க உட்கார வைத்தால் இரண்டு நாள் கற்றுக்கொள்ள, மூன்றாம் நாளிலிருந்து கூலி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, இதைச் சும்மா விடாதீர்கள். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் 2013 பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டப்படி உள்ளகக் குழு இருக்க வேண்டும். மூத்த பெண் ஊழியர் ஒருவர் தலைவர், வெளியாள் ஒருவர் உறுப்பினர். உங்களிடம் பதினேழு பேர். குழு இல்லையென்றால் ஐம்பதாயிரம் வரை அபராதம். பயிற்சிக்கு வருகிற பிள்ளைகளுக்கும் இந்தச் சட்டம் பொருந்தும். யாரிடம் போய்ச் சொல்லலாம் என்று பெயரும் நம்பரும் சுவரில் எழுதி ஒட்டுங்கள்.

மலைக்கு மேலே தோட்டம் காட்டக் கூட்டிப்போனால் கூலியாட்கள் போகும் ஜீப்பில் ஏற்றாதீர்கள். கம்பம்மெட்டு, குமுளி, போடிமெட்டு ரோட்டில் ஆளை அடைத்துப் போகும் ஜீப்புகள் கவிழ்ந்த செய்தி எத்தனை படித்திருக்கிறோம். விபத்துக் காப்பீடு இருக்கிறதா என்று கல்லூரியிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

போடி ஏலம் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. குழு விஷயம் எனக்குத் தெரியவே தெரியாது, இந்த வாரமே செய்கிறேன்.

கேள்வி கொடுங்கள் என்றதை நேற்று முழுக்க யோசித்தேன். எனக்கு நெடுநாளாகப் பதில் தெரியாதது ஒன்று இருக்கிறது. வாங்கும்போது ஐம்பது கிலோ மூட்டை. பிரித்து, காம்பு தூசி நீக்கி, பொறுக்கி, மறுபடி மூட்டை கட்டும்போது கழிவையும் சேர்த்து எடை போட்டால்கூட ஒரு கிலோ அளவுக்குக் குறைகிறது. சில லாட்டில் குறைவு, சில லாட்டில் அதிகம். அப்பா காலத்திலிருந்து, "கை போகிறது", அதாவது யாரோ எடுக்கிறார்கள் என்றுதான் எங்கள் வீட்டில் பேச்சு. அந்தப் பை பார்க்கும் வழக்கமே அதனால் வந்தது. இதைக் கொடுக்கலாமா?

குமுளி கணக்கு எழுதியது:

கொடுங்கள், நல்ல கேள்வி. வேண்டாம் என்று சொன்னவன் நான்தான், ஆனால் இதைப் படித்ததும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஐந்தாறு கிலோ பச்சைக்காய்க்கு ஒரு கிலோ உலர்காய் வரும். அந்த மீதி எல்லாம் தண்ணீர்தான். ஸ்டோரிலிருந்து எடுக்கும்போது எல்லாக் காயும் ஒரே மாதிரி உலர்ந்திருக்காது, அவசரத்தில் இறக்கினால் ஈரம் கொஞ்சம் கூடத்தான் நிற்கும். இங்கே மலையில் காற்றே ஈரம். அங்கே போடியில் மே மாதம் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். மூட்டையைப் பிரித்ததும் ஒரு எடை, சாயங்காலம் ஒரு எடை போடச் சொல்லுங்கள்.

டிசம்பரில் இரண்டு பேர் வந்தால் எங்கள் ஸ்டோரைக் காட்ட முதலாளியிடம் நானே பேசுகிறேன். போட்டோ பற்றிய அந்த ஒரு பக்கத்தில் கையெழுத்து வாங்கிவிட்டு அனுப்புங்கள்.

போடி ஏலம் எழுதியது:

ஒரு மாதம் ஆகிவிட்டது, என்ன நடந்தது என்று சொல்ல வந்தேன்.

கல்லூரி ஒப்புக்கொண்டது, இப்போது இரண்டு பேர், டிசம்பரில் இரண்டு பேர். குமுளிப் பிள்ளையும் மதுரைப் பிள்ளையும் வந்தார்கள். மதுரைப் பிள்ளைக்குச் சாயங்கால ரயில், அதற்கு முன் கிளம்பிவிட வேண்டும் என்று முதல் நாளே பேசி வைத்தோம், ஒரு நாளும் தவறவில்லை. மூத்த பொறுக்கும் அக்காவிடம் பொறுப்பைக் கொடுத்தேன், குழுவுக்கும் அவர்தான் தலைவர். சாப்பாடு அவர்களோடுதான்.

பதினெட்டு லாட்டை எடுத்தார்கள். மூட்டை பிரித்ததும் எடை, காம்பு தனியே, தூசி தனியே, வெடித்த காய் தனியே, மறுபடி கட்டும்போது எடை. ஈரம் எப்படிப் பார்ப்பது என்று கேட்டேன், ஓவனில் வைத்தால் போதாதா என்றேன். ஏலக்காயில் எண்ணெய் இருக்கிறது, ஓவனில் அதுவும் சேர்ந்து ஆவியாகிவிடும், எடை குறைவது தண்ணீரா எண்ணெயா என்று தெரியாது, அதனால் டொலுவீன் என்ற ரசாயனத் திரவத்தில் கொதிக்கவைத்துத் தண்ணீரை மட்டும் வடித்து அளக்கும் முறை இருக்கிறது என்று அந்த மதுரைப் பிள்ளை விளக்கினாள். கல்லூரி லேபில் செய்து கொண்டுவந்தார்கள்.

மலையிலிருந்து வந்த அன்று 12 சதவீதம் ஈரம் இருந்த ஒரு லாட், எங்கள் கூடத்தில் மின்விசிறிக்குக் கீழே இரண்டு நாள் பரப்பிக் கிடந்து, கட்டும்போது 10 ஆகியிருந்தது. குமுளிப் பிள்ளை வெள்ளைத்தாளில் கணக்குப் போட்டுக் காட்டினாள்: ஐம்பது கிலோவில் உலர்பொருள் 44 கிலோ, 10 சதவீத ஈரத்தோடு அது 48.9 கிலோதான் வரும். ஒரு கிலோ நூறு கிராம் காற்றில் போயிருக்கிறது. எல்லா லாட்டும் இவ்வளவு இல்லை, சிலதில் அரைக் கிலோ, சிலதில் ஒன்றுமே இல்லை. ஆனால் நாங்கள் இத்தனை வருஷம் "கை" என்று சொன்ன எடை, பதினெட்டு லாட்டிலும் ஈரக் கணக்குக்குள் அடங்கிவிட்டது.

அன்று சாயங்காலம் வாசலில் பை பார்ப்பதை நிறுத்தச் சொல்லிவிட்டேன். மறுநாள் காலை அக்காக்கள் எல்லாரையும் உட்கார வைத்து, ஏன் நிறுத்தினேன் என்பதையும் சொன்னேன். அந்தப் பிள்ளைகளே சாக்குக் கணக்கை விளக்கினார்கள். இருபத்திரண்டு வருஷமாக எங்களிடம் இருக்கிற ஒரு அக்கா ஒன்றும் பேசாமல் எழுந்து போய் வேலையில் உட்கார்ந்துவிட்டார். மதியம் நானே அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து மன்னிப்புக் கேட்டேன்.

குமுளி அண்ணே, டிசம்பருக்கு வருகிற இரண்டு பேரும் காய் அடுப்பில் ஏற்றுவதிலிருந்து இறக்குவது வரை, ராத்திரி தவிர, ஈரம் எப்படி இறங்குகிறது என்று எழுதப் போகிறார்கள். உங்கள் ஸ்டோரில் எந்தக் கிழமைகளில் ஏற்றுவீர்கள்? பஸ்ஸில் குமுளி வந்து இறங்கினால் யாராவது வந்து கூட்டிப்போக முடியுமா, இல்லை நானே காரில் கொண்டுவந்து விடட்டுமா?